நரம்புக்கும் அசைவுக்கும் எந்தக் கணித மாதிரி? மண்டபம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டிய மாதம் வந்துவிட்டால், இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். கடல் உயிரியல் படிப்பவர் திருக்கை நீந்துவதைக் கணினியில் காட்ட வேண்டும் என்பார். கணிதம் படிப்பவர் நரம்பணுவின் சமன்பாடுகளைத் தீர்க்க விரும்புவார். இயந்திரவியல் படிப்பவர் வாலாட்டி நீந்தும் கருவி ஒன்றைச் செய்து வடகடலில் (பாக் விரிகுடாவில்) விட்டுப் பார்க்க ஆசைப்படுவார். மூவரும் கடைசியில் கேட்பது, "எந்த மாதிரியை எடுக்கிறது, சார்?" என்பதுதான்.

நரம்பு மண்டலத்தையும் உடலசைவையும் கணிதமாக்க இன்று கையாளப்படும் வழிகளில், ஒரு மாணவர் எட்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியவை நான்கு. ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்கள் கேள்வி எந்தத் தளத்தில் நிற்கிறது என்பது. அயனிகளின் தளம், தனி நரம்பணுவின் தளம், நரம்புச் சுற்றின் தளம், முழு உடலின் தளம் என நான்கும் வெவ்வேறு. ஒன்றில் எழும் கேள்விக்கு இன்னொன்றில் விடை தேடினால் சமன்பாடுகள் சரியாகவே இருந்தும் பயன் இராது. இரண்டாவது, மாதிரிக்குள் நீங்கள் இடப்போகும் எண்களில் எத்தனையை நீங்களே, இந்தக் கரையிலேயே, அளந்து பெற முடியும் என்பது. மூன்றாவது, கணினிக்கும் உங்களுக்கும் ஆகும் நேரம். நான்காவது, மாதிரி தவறு என்று காட்டக்கூடிய ஓர் அவதானிப்பை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது.

இவற்றில் இரண்டாவதற்கே நான் மிகுந்த எடை கொடுக்கிறேன். அதற்குக் காரணம் என் சொந்தப் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் திருக்கையின் நீச்சலை எடுத்துக்கொண்ட ஒரு மாணவரை, 'அடிப்படையிலிருந்து தொடங்குவதே முறை' என்று சொல்லி, அயனி மட்டத்துச் சமன்பாடுகளுக்குள் இறக்கிவிட்டேன். நான்கு மாதம் உழைத்து அழகான வரைபடங்களோடு வந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் திருக்கையிடமிருந்து வந்த எண் எது?" ஒன்றுகூட இல்லை. எல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் அளந்த கணவாயிலிருந்து வந்தவை. அந்தக் கணவாயின் பெரிய நரம்பிழைக்கு மயலின் உறை (இழையைச் சுற்றிய கொழுப்புறை) கிடையாது. திருக்கையின் நரம்புக்கோ உண்டு. கேள்வி மாணவரிடம் கேட்கப்பட்டாலும், விடை சொல்ல வேண்டியவன் நான்.

## அயனி வரை இறங்குவது: ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரி

பாம்பனிலோ மண்டபத்திலோ காலையில் வந்த ஊசிக் கணவாயை வாங்கி நீளவாக்கில் கீறி விரித்தால், உடற்சுவரின் உட்புறத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு வெளிறிய முடிச்சையும், அதிலிருந்து விசிறிபோல் பிரியும் வெண்ணிற நூல்களையும் பார்க்கலாம். சமையலுக்கு உரிக்கும்போது தோலோடும் சவ்வோடும் போய்விடுகிற இந்த நூல்களுக்குள்தான் நரம்பியலின் மிகப் புகழ்பெற்ற இழை இருக்கிறது. கணவாய் மிரண்டு நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும்போது உடற்சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கியாக வேண்டும். அதற்கான கட்டளை விரைந்து செல்ல இழை தடித்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கடற்கரைக் கணவாய்களில் அது அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்ததால்தான் உள்ளே மின்முனையைச் செலுத்தி அளக்க முடிந்தது.

ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட மாதிரியில் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் உள்ளன. ஒன்று சவ்வின் மின்னழுத்தத்துக்கு. மற்ற மூன்றும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வைக் கடக்கும் வழிகள் திறந்து மூடுவதற்கு. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியைக் கொண்டே தீர்வு கண்டார். நரம்புத் துடிப்பு நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் செல்லும் என்று சமன்பாடு சொன்னது. அளந்து பார்த்ததில் 21.2 மீட்டர். வேகத்தைப் பார்த்துப் பொருத்தாத ஒரு மாதிரி இவ்வளவு நெருங்கி வந்ததே அதன் பெருமை. 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மாதிரியின் வலிமை, அதன் ஒவ்வோர் எண்ணுக்கும் உடலில் ஒரு பொருள் இருப்பது. வலையில் வந்தால் மீனவர்கள் ஒதுக்கிவிடும் பேத்தை மீனின் நஞ்சு, சோடியம் வழியை மட்டும் அடைத்துவிடுகிறது என்பதை 1964இல் நராஹாஷியும் உடன் ஆய்வாளர்களும் இறாலினத்தின் பெரிய நரம்பிழையில் காட்டினார்கள். மாதிரியில் அதைச் செய்து பார்க்க, சோடியம் கடத்துதிறனான 120 என்ற எண்ணைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். எந்த அளவில் துடிப்பு நின்றுபோகிறது என்பது கண்முன் தெரியும். நஞ்சு, மருந்து, வெப்பம், உப்புச் செறிவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

இனி மறைசெலவுகள். முதலாவது வெப்பநிலை. பாடநூல்களில் உள்ள எண்கள் 6.3 பாகை செல்சியசுக்கு உரியவை. ஒவ்வொரு 10 பாகைக்கும் வழிகள் திறந்து மூடும் வேகம் மூன்று மடங்காகும் என்பது மாதிரியின் விதி. நம் கடல் நீரை 28 பாகை என்று கொண்டால் வேகம் ஏறத்தாழ 11 மடங்காகிறது. துடிப்பு ஒடுங்கி உயரமும் குறையும், கூடவே, 0.01 மில்லி நொடி என்று எல்லாரும் பழக்கத்தில் வைக்கும் காலப்படியும் (கணினி ஒரு தடவைக்கு நகரும் நேரமும்) அதே விகிதத்தில் சுருங்கியாக வேண்டும். இதைக் கவனியாத மாணவர் கணினி தந்த பொய்யை இயற்கையின் புதுமை என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது, குறியீட்டு மரபு. மூலக் கட்டுரைகளில் மின்னழுத்தம் ஓய்வுநிலையிலிருந்து, அதுவும் இன்றைய வழக்குக்கு எதிர்க்குறியில், அளக்கப்பட்டது. பின்வந்த சில நூல்கள் குறியை மட்டும் மாற்றின. வேறு சில ஓய்வுநிலையை −65 மில்லிவோல்ட் என்று வைத்தன. ஒரு நூலிலிருந்து ஒரு சூத்திரத்தையும் இன்னொன்றிலிருந்து மற்றொன்றையும் எடுத்தால் நரம்பணு தூண்டலே இல்லாமல் துடித்துக்கொண்டிருக்கும், அல்லது எவ்வளவு தூண்டினாலும் அசையாது. மூன்றாவது சிறியது, ஆனால் ஆண்டுதோறும் யாரையாவது மாட்டவைக்கிறது: இன்றைய வழக்கில் −55இலும் −40இலும் இரு சூத்திரங்கள் சுழியை வகுக்கும் சுழியாகிவிடுகின்றன. மின்னழுத்தத்தை ஒவ்வொரு மில்லிவோல்ட்டாக ஏற்றி வரைபடம் போட்டால், கோடு சரியாக அந்த இரண்டு இடங்களில் மட்டும் அறுந்து நிற்கும். அங்கே எல்லை மதிப்பைத் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கணிதத் துறை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மாறிகளைத் தாளில் வரைந்து பார்க்க முடியாது. ஃபிட்ஸ்ஹியூவும் நகுமோவும் 1960களின் தொடக்கத்தில் தந்த இரு மாறிச் சுருக்கத்தில் துடிப்பின் வடிவியல் முழுவதும் ஒரே தளத்தில் விரிகிறது. நிலைப்புள்ளி எங்கே நிலைகுலைகிறது, வட்டப்பாதை எப்படிப் பிறக்கிறது என்பதையெல்லாம் கையாலேயே காட்டலாம். அதை எடுத்தால் அயனிகளைப் பற்றிப் பேசும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் முன்னுரையிலேயே எழுதிவிடுங்கள்.

## நரம்பணுவைச் சுருக்குவது: துடிப்பை மட்டும் கணக்கிடும் மாதிரிகள்

லூயி லாப்பிக் 1907இலேயே முன்வைத்த எண்ணம் இது. நரம்பணு, ஓட்டை வாளியைப் போல வந்ததைச் சேர்த்தும் கசிய விட்டும் நிற்கிறது. ஒரு மட்டத்தைத் தொட்டதும் துடித்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. யூஜின் இஷிகேவிச் 2003இல் இரண்டு சமன்பாடுகளும் நான்கு அளபுருக்களும் (நாம் இடும் எண்களும்) கொண்ட மாதிரியில், பலவகை நரம்பணுக்களின் துடிப்புத் தோரணைகளைக் கொண்டுவந்தார். ஒரு மில்லி நொடியைக் கணக்கிட அதற்கு 13 செயல்பாடுகள் போதும் என்றும், ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாதிரிக்கு 1200 வேண்டும் என்றும் அவரே பின்னர் கணக்குக் காட்டினார்.

ஆயிரம் நரம்பணுக்களை இணைத்து, வலையமைப்பு எப்போது ஒத்திசைகிறது, எப்போது சிதறுகிறது என்று பார்க்க விரும்புபவருக்கு இது சாதாரண மடிக்கணினியிலேயே நடக்கும். பைத்தான் அறிந்தவருக்கு 'பிரையன்' என்ற இலவச மென்பொருளில் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். விலை என்னவென்றால், அந்த நான்கு அளபுருக்களும் உடலில் எதையும் சுட்டவில்லை. பேத்தையின் நஞ்சை இங்கே எந்த எண்ணில் கலப்பீர்கள்? மேலும், ஆயிரம் நரம்பணுக்களுக்கிடையே யார் யாரோடு எவ்வளவு வலுவாக இணைந்திருக்கிறார்கள் என்ற பெரும் பட்டியலை நீங்களே கற்பனை செய்தாக வேண்டும். நம் கரையில் உள்ள எந்த உயிரியிலும் அந்தப் பட்டியலை ஒரு மாணவர் அளந்து பெற முடியாது. ஆகவே, குறிப்பிட்ட உயிரியைப் பற்றியதாக இல்லாமல் வலையமைப்பைப் பற்றிய பொதுக் கேள்வியாக இருந்தால் மட்டும் இதை எடுக்கலாம்.

## தாளத்தைப் பிடிப்பது: இணைந்த அலையியற்றிகள்

நீச்சல், நடை, மூச்சு, மெல்லுதல் ஆகிய அனைத்தும் தாளங்கள். தண்டுவடத்துக்கு மூளையின் கட்டளையும் காலிலிருந்து வரும் உணர்வும் நின்ற பின்னும் பூனையில் நடைத்தாளம் எழுகிறது என்று கிரகாம் பிரவுன் 1911இல் காட்டியதிலிருந்து, தாளம் நரம்புச் சுற்றுக்குள்ளேயே பிறக்கிறது என்ற கருத்து வளர்ந்தது. 1982இல் கோஹென், ஹோம்ஸ், ராண்ட் மூவரும், தாடையற்ற மீனான லாம்ப்ரேயின் நீச்சலை, ஒவ்வோர் உடற்கண்டத்துக்கும் ஓர் அலையியற்றி (தானே தாளமிடும் ஒரு சமன்பாடு) என வரிசையாக இணைத்து மாதிரியாக்கினார்கள். லாம்ப்ரேயின் உடலில் ஏறத்தாழ நூறு கண்டங்கள். பக்கத்துக் கண்டங்களுக்கிடையே தாளச் சுற்றில் நூற்றில் ஒரு பங்கு பின்னடைவு. ஆகவே அது மெதுவாக நீந்தினாலும் விரைந்து நீந்தினாலும் உடலில் ஒரு முழு அலை நிற்கிறது. இந்த எளிமை ஒரு மாணவரின் கைக்கு எட்டக்கூடியது.

நம் கரையில் லாம்ப்ரே இல்லை. ஆனால் திருக்கை இருக்கிறது. அடிமணலில் வாழும் திருக்கை தன் தட்டுப்போன்ற உடலின் விளிம்பில் முன்னிருந்து பின்னாக அலையை ஓடவிட்டு நீந்துகிறது. ஒரே நேரத்தில் விளிம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைகள் தெரியும். கொம்புத் திருக்கையோ பறவை சிறகடிப்பதுபோல் முழு விளிம்பையும் ஏற்றி இறக்குகிறது. அதில் அரை அலைகூடத் தேறாது. இரண்டையும் ஒரே சமன்பாட்டில், பக்கத்து அலையியற்றிகளுக்கிடையே உள்ள பின்னடைவை மட்டும் மாற்றிக் காட்டலாம். தாள வேகம், அலைகளின் எண்ணிக்கை, வீச்சு என்று மாதிரிக்கு வேண்டிய மூன்று எண்களும் கைப்பேசிக் காணொளியிலிருந்தே கிடைக்கும். இதனால்தான் கடல் உயிரியல் மாணவர் எவர் வந்தாலும் நான் முதலில் இந்தப் பக்கம் கை காட்டுகிறேன்.

காணொளிக்கும் ஒரு கணக்கு உண்டு. விளிம்பில் நொடிக்கு இரண்டு அலை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 15 படங்கள். அதாவது பின்னடைவை 24 பாகைக்கு ஒருமுறைதான் பார்க்கிறீர்கள். மெதுவோட்டத்தில் 120 படம் எடுத்தால் அது 6 பாகையாகிறது. அலையடிக்கும் நீர்ப்பரப்பின் மேலிருந்து படம் பிடித்தால் ஒளிவிலகல் விளிம்பையே நெளித்துக் காட்டும். அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அழுத்தி அதன் வழியே எடுத்தால் அந்தத் தொல்லை தீரும்.

மறைசெலவுகள் இங்கும் உண்டு. ஒரு தாளத்தைப் பல அளபுருத் தொகுதிகள் தரக்கூடும். நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் இரைப்பை அசைவை ஆளும் சிறு நரம்பு முடிச்சில் சுமார் முப்பது நரம்பணுக்களே இருக்கின்றன. அதன் ஒரு பகுதிச் சுற்றுக்கு 2004இல் பிரின்ஸ், பூச்சர், ஈவ் மார்டர் மூவரும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட அளபுருச் சேர்க்கைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எண்கள் ஏறத்தாழ ஒரே தாளத்தைத் தந்தன. ஆகவே 'என் மாதிரி காணொளியோடு பொருந்துகிறது; ஆகவே இணைப்பின் வலிமை இதுவே' என்று எழுதுவது தவறு. இரண்டாவது செலவு, நீர். அலையியற்றிகள் நரம்பின் தாளத்தைச் சொல்கின்றனவே தவிர, அந்தத் தாளம் தண்ணீரைத் தள்ளி எவ்வளவு வேகம் தருகிறது என்பதைச் சொல்வதில்லை. அது தனிப் பாயவியல் கணக்கு. மூன்றாவது, அனுமதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே வனத்துறை அனுமதியின்றிப் படம் பிடிக்கப் போகாதீர்கள். விண்ணப்பத்துக்கான வாரங்களையும் திட்டக் காலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நோக்கத்திலிருந்து தொடங்குவது: உகந்த கட்டுப்பாடு

இதுவரை பார்த்தவை 'எப்படி' என்று கேட்டன. இது 'ஏன் இப்படி' என்று கேட்கிறது. ஒரு குவளையை எடுக்கக் கை எத்தனையோ பாதைகளில் போகலாம். ஆனாலும் எல்லாரின் கையும் ஏறக்குறைய நேர்கோட்டில், நடுவழியில் வேகம் உச்சம் தொட்டுத் தணியும்படி போகிறது. முடுக்கம் மாறும் வேகத்தின் வர்க்கத்தை வழிநெடுகக் கூட்டிவரும் மொத்தத்தை மிகக் குறைவாக வைத்தால் இந்த வடிவம் தானே வந்துவிடும் என்று ஃபிளாஷும் ஹோகனும் 1985இல் காட்டினார்கள். அவர்களின் சூத்திரப்படி உச்ச வேகம் சராசரி வேகத்தைப்போல் 1.875 மடங்கு: 30 சென்டிமீட்டரை 0.6 நொடியில் கடக்கும் கை, நடுவழியில் நொடிக்கு ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் வேகத்தில் போக வேண்டும். இது பொய்யாகக்கூடிய ஒரு முன்கணிப்பு. ஒரு கைப்பேசியும் அளவுகோலும் இருந்தால் ஒரு மாலையில் சோதித்துவிடலாம்.

தங்கச்சிமடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கையை அவர் ஒப்புதலோடு மேலிருந்து படம் பிடித்தோம். ஊசி நூலை இழுக்காமல் அடுத்த கண்ணியை நோக்கிப் போகும் பகுதியில் வளைகோடு சூத்திரத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது. நூல் இறுகி முடிச்சு விழும் கணத்திலோ சூத்திரம் கைவிட்டது. அங்கே கையை ஆள்வது பாதையல்ல, விசை. நாங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கை எவ்வளவு விலகிப் போகிறது என்று குறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பெரியவர், "கையை ஏன் தம்பி பாக்குறீங்க, கண்ணியைப் பாருங்க" என்றார். கண்ணிகள் எல்லாம் ஒரே அளவு. கை போன வழியோ ஒவ்வொரு முறையும் வேறு. 2002இல் டொடொரோவும் ஜோர்டனும் பின்னூட்டத்தைச் சேர்த்துத் தந்த உகந்த கட்டுப்பாட்டுக் கோட்பாடு சொல்வதும் இதைத்தான்: இலக்கைக் கெடுக்கிற பிழையை மட்டும் உடல் திருத்துகிறது, கெடுக்காததை அப்படியே விட்டுவிடுகிறது.

கண் கண்டது கைக்கு எட்ட நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கும். சுக்கானைத் திருப்பியதும் படகு உடனே திரும்பாது என்றறிந்து முன்கூட்டியே திருப்புகிறவரைப் போல, நரம்பு மண்டலமும் உடலின் அடுத்த நிலையை முன்கணித்து நடக்கிறது என்பது இந்த வழியின் இன்னொரு பாதி. ஆடும் வத்தையில் (சிறு படகில்) நிமிர்ந்து நிற்பவரின் சமநிலையை ஆராய இதுவே ஏற்றது.

மறைசெலவு ஒன்றே, ஆனால் பெரியது. எதைக் குறைக்க உடல் முயல்கிறது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். வேண்டிய விடை வரும்வரை அதை மாற்றிக்கொண்டே போகலாம். அப்போது மாதிரி எதையும் விளக்குவதில்லை. சோதனைக்கு முன்பே அதை எழுதித் தேதியிட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுவது நல்லது. நரம்பணு, சுற்று ஆகியவற்றைப் பற்றி இந்த வழி ஒரு சொல்லும் சொல்லாது.

## கணினியே கற்கட்டும் என்பவர்களுக்கு

2022இல் திறந்த மூலமாகிவிட்ட 'முஜோகோ' போன்ற, உடலியக்கத்தைக் கணக்கிடும் மென்பொருளில் ஓர் உடலைக் கட்டி, பரிசும் தண்டனையும் கொடுத்து நீந்தக் கற்பிக்கும் வழி பார்க்கக் கவர்ச்சியானது. ஆனால் தற்செயல் எண்ணின் தொடக்கத்தை மாற்றினாலே வேறு முடிவு வரும். ஆகவே ஒவ்வொரு சோதனையையும் பலமுறை ஓட்ட வேண்டும். இரவெல்லாம் ஓட விட்டு, நடுவில் மின்சாரம் போய்விட்டால் காலையில் வெறுந்திரை. கடைசியில் கிடைப்பது ஏன் நீந்துகிறது என்று உங்களுக்கும் தெரியாத ஒரு பொம்மை. முதுகலைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

## ஒரே பார்வையில்

| வழி | நீங்களே அளக்கக்கூடியது | மறைசெலவு | ஏற்ற கேள்வி |
|---|---|---|---|
| ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி | ஆய்வகம் இன்றி எதுவுமில்லை | வெப்பநிலைத் திருத்தம், குறி மரபு, சிறிய காலப்படி | நஞ்சு, மருந்து, வெப்பம் |
| சுருக்கிய நரம்பணு | எதுவுமில்லை | இணைப்புப் பட்டியல் கற்பனையே | வலையமைப்பின் பொது இயல்பு |
| இணைந்த அலையியற்றி | தாள வேகம், அலை எண்ணிக்கை, வீச்சு | பல விடைகள், நீரியக்கம் இல்லாமை, அனுமதி | நீச்சல், நடை, கருவி |
| உகந்த கட்டுப்பாடு | பாதை, வேகம், பிழை | நோக்கத்தை நாமே தேர்வது | கையசைவு, சமநிலை |

## மூவருக்கும் என் விடை

கடல் உயிரியல் மாணவர் அலையியற்றிகளை எடுக்கட்டும். ஒரு திருக்கையின் பத்து நல்ல காணொளிகள், பிறர் நூலிலிருந்து எடுத்த நூறு எண்களைவிட மேல். பேத்தையின் நஞ்சில்தான் ஆர்வம் என்றால் தயங்காமல் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லிக்குப் போகலாம்; அப்போது ஆய்வேட்டில் 'கணவாயின் நரம்பிழை' என்று மட்டும் எழுத வேண்டும், 'மீனின் நரம்பு' என்று எழுதக் கூடாது. கணித மாணவருக்கு ஃபிட்ஸ்ஹியூ–நகுமோ. அதில் நிறுவுவதற்கு நிறைய இருக்கிறது, அளப்பதற்கு அவருக்கு ஆய்வகம் இல்லை. உடலியக்கத்தில் நாட்டமுள்ளவர் எத்துறையினராயினும் உகந்த கட்டுப்பாட்டை எடுத்து வலை பின்னும் கையிலிருந்து தொடங்கலாம்.

இயந்திரவியல் மாணவருக்கும் அலையியற்றிதான், ஆனால் வேறு காரணத்துக்காக. இஜ்ஸ்பீர்ட்டின் குழு 2007இல் செய்து காட்டிய சாலமாண்டர் (நிலத்தில் நடந்து நீரில் நீந்தும் பல்லி போன்ற உயிரி) வடிவக் கருவியில், மேலிருந்து வரும் ஒரேயொரு தூண்டல் எண்ணை ஏற்றியதும் நடை நீச்சலாக மாறியது. அத்தகைய சமன்பாடுகளை மலிவான சிறு கட்டுப்பாட்டுப் பலகையே கணக்கிட்டுவிடும். எட்டு மோட்டார்களுக்கு எட்டு அலையியற்றிகள் போதும். மோட்டார் கட்டளையை ஏற்று அசையும் தாமதத்தை முதலில் மேசைமேல் வைத்து அளந்து, அதைப் பின்னடைவில் கழித்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் தாளில் ஓடும் அலை வாலில் ஓடாது. கருவியை நேரே வடகடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்பு நீர் ஒரே நாளில் இணைப்புகளை அரித்துவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலை எது, வாலின் அசைவு எது என்று பிரித்தறியவும் முடியாது. ஊரில் தண்ணீர் கிடக்கும் ஊருணி ஒன்றில், காற்றடங்கிய காலை வேளையில், கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க முதலில் விட்டுப் பாருங்கள்.